இரண்டாவது படி: கொம்பனித்தெருவின் ஒரு கதவும் ஒரு கைத்தொலைபேசியும்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதில் தொலைபேசி அழைப்பொன்று வந்தது. மறுமுனையில் பேசியவர் ஒரு பெண்மணி. கொம்பனித்தெருவில் எங்கள் பக்கத்து வீட்டில் வாழ்ந்த மலாய்ப் பெரியவரின் மகள். தந்தையார் காலமான செய்தியைச் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு கேட்டார்: "அண்ணா, வீடு உடைக்க முந்தி நீங்க வந்து படம் எடுத்தீங்களே, அது இருக்கா? எங்கட வீட்டுக் கதவாவது அதில தெரியுமே."

இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. "தேடிப் பார்த்துச் சொல்கிறேன் தங்கச்சி" என்று மட்டும் சொன்னேன்.

2012ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்தத் தெருக்களில் அலைந்து, அப்போது புதிதாக வாங்கியிருந்த கைத்தொலைபேசியால் இருநூறு படங்களுக்கு மேல் எடுத்திருந்தேன். கணினிக்கு மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். இரண்டு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. 2014இல் ஒரு மழைநாளில் சட்டைப்பையில் இருந்த தொலைபேசி நனைந்தது. மறுநாள் அதற்கு உயிர் இல்லை. திருத்துபவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்த பலகை கருகிவிட்டது என்றார். படங்கள் தொலைபேசியின் உள்நினைவகத்திலேயே இருந்தன. நினைவக அட்டையில் இருந்திருந்தால் அதையாவது கழற்றி எடுத்திருக்கலாம்.

செய்தித்தாள் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன், ஆவணம், சான்று, மூலப்படி என்று இளையவர்களுக்கு ஓயாது உபதேசம் செய்பவன், தன் கையிலிருந்த ஆவணத்துக்கு ஒரு படி எடுத்து வைக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தத் தவறின் விளைவு. கைத்தொலைபேசியிலிருந்து கோப்புகளைக் கணினிக்கு மாற்றுவது என்பது இளைஞர்களின் தொழில்நுட்பச் சமாசாரம் என்றே நம் தலைமுறையினர் பலர் எண்ணுகிறார்கள். நமது வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால், அது நம் முன்னோர் செய்துவந்த மிகப் பழைய வேலை என்பது புலனாகும்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேரை வாவியின் கரையில் அமைந்த கொம்பனித்தெருவை ஆங்கிலத்தில் நெடுங்காலம் அடிமைத்தீவு என்ற பொருளில் அழைத்தார்கள். ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம் என்பதால் வந்த பெயர். தமிழரும் சிங்களவரும் அந்தப் பெயரைத் தம் மொழிக்குக் கொண்டுவரவில்லை; கொம்பனித்தெரு, கொம்பஞ்ஞ வீதிய என்றே வழங்கினார்கள். ஒல்லாந்தர் கொண்டுவந்த மலாயர் பின்னர் ஆங்கிலேயரின் படையிலும் சேர்ந்தனர். இலங்கை றைபிள் படைப்பிரிவு 1873இல் கலைக்கப்பட்ட பின்னரும் அவர்களுடைய சந்ததியினர் இங்கேயே தங்கினர். மலே வீதி, றைபிள் வீதி, ஜாவா ஒழுங்கை என்ற பெயர்கள் அந்த வரலாற்றின் தடயங்கள். வேகந்தைப் பள்ளிவாசலின் தொடக்கம் 1786 வரை செல்கிறது. கியூ வீதியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. மலாயர், சோனகர், தமிழர், சிங்களவர் ஒரே குழாயடியில் வரிசையில் நின்ற இடம் இது.

இந்தச் சமூகத்தின் எழுத்து வரலாறும் சாதாரணமானதல்ல. பாபா யூனுஸ் சல்தீன் என்ற கொழும்பு மலாயர் 1869இல் 'அலாமத் லங்காபுரி' என்ற செய்தித்தாளை வெளியிட்டார். அரபு வரிவடிவைத் தழுவிய ஜாவி எழுத்தில், மலாய் மொழியில் வெளியான அது, உலகின் மிகப் பழைய மலாய்ச் செய்தித்தாள்களுள் ஒன்று. மலாய் நாடுகளிலிருந்து கடல் கடந்து வந்த ஒரு சிறு கூட்டம் கொழும்பிலிருந்து தன் மொழியில் பத்திரிகை நடத்தியது என்பதைப் பத்திரிகைக்காரன் என்ற முறையில் நான் வியப்போடு நினைப்பதுண்டு.

நாங்கள் அந்தத் தெருவில் வாடகைக்குக் குடியிருந்தோம். அப்பா கோட்டையில் எழுதுவினைஞராக வேலை பார்த்தார். 1983 ஜூலையில் எனக்குப் பதின்மூன்று வயது. அன்று எங்களுக்குக் கதவைத் திறந்தவர் அந்த மலாய்ப் பெரியவர். இரண்டு இரவுகள் அவர்களுடைய பின்னறையில் இருந்தோம். அந்தக் கதவின் மேற்பகுதியில் நீலமும் பச்சையுமாகக் கண்ணாடித் துண்டுகள் பதித்திருந்தார்கள். வெளியே சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்தக் கண்ணாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1965இல் திறக்கப்பட்டு, கொம்பனித்தெருவின் பெருமையாக இருந்த றியோ திரையரங்கு அந்த நாட்களில்தான் எரிக்கப்பட்டது. எங்கள் வீட்டுப் பொருள்களும் வீதிக்கு வந்தன. அவற்றோடு குடும்பப் படத்தொகுப்பும் போயிற்று.

அகதிகளாகக் கப்பலில் வடக்கே சென்று, பருத்தித்துறையில் மாமி வீட்டில் இறங்கிய நாளில் ஒரு காட்சியைக் கண்டேன். மாமி வீட்டுச் சுவரில் அம்மா, அப்பாவின் கலியாணப்படம் தொங்கியது. படப்பிடிப்பாளர் அந்நாளில் எடுத்துக் கொடுத்த இரண்டாவது படி அது. அம்மா அதன் முன்னால் நின்று அழுதார். இன்று எங்கள் குடும்பத்திடம் இருக்கும் ஒரே கலியாணப்படம் அதுதான். தன் தமையனின் படம் தன் வீட்டிலும் இருக்கட்டும் என்று மாமி ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியதால் அது பிழைத்தது. பாதுகாப்பு, ஆவணம் என்றெல்லாம் அவர் நினைத்திருக்க மாட்டார்.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் நம் இனம் முழுவதும் இதே பாடத்தைக் கற்றிருக்க வேண்டும். 1981 மே 31ஆம் திகதி இரவும் ஜூன் முதலாந்திகதியுமாக யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய சிறு வாசிப்பு முயற்சி, 1959இல் திறந்து வைக்கப்பட்ட பெருங்கட்டடமாக வளர்ந்து, ஏறத்தாழ 97,000 நூல்களைத் தாங்கி நின்றது. ஓலைச்சுவடிகளும் பழைய பத்திரிகைத் தொகுப்புகளும் அங்கே இருந்தன. அதே நாட்களில் 'ஈழநாடு' நாளேட்டின் பணிமனையும் எரிக்கப்பட்டது. நூலகம் எரிந்ததைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். எரித்தவர்களின் குற்றம் எந்தக் காலத்திலும் குறையப்போவதில்லை. ஆயினும் ஒரு கேள்வி என்னை விடாது தொடர்கிறது. அங்கிருந்தவற்றுள் எவை நிரந்தரமாக அழிந்தன, எவை அழியவில்லை?

விடை எளிது. வேறோர் இடத்தில் படி இருந்தவை அழியவில்லை. 'யாழ்ப்பாண வைபவமாலை'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய அந்த வரலாற்று நூலை 1879இலேயே பிறிற்றோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். தமிழிலும் அது பலமுறை அச்சேறியது. ஆகவே எந்த ஏடு எரிந்தாலும் அந்த நூல் நம்மிடம் இருக்கிறது. அச்சேறாத, படி எடுக்கப்படாத ஒரு சிற்றூர்ப் புலவரின் ஒற்றைச் சுவடி அங்கே இருந்திருந்தால், அதன் பெயரைக்கூட நாம் இனி அறியப்போவதில்லை.

முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். பனையோலை நிரந்தரமானதென்று அவர்கள் மயங்கவில்லை. கரையானும் ஈரமும் அதைத் தின்னும். எவ்வளவு பேணினாலும் சில தலைமுறைகளில் அது இற்றுவிடும். எனவே பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதினார்கள். நூல் வாழ்ந்ததற்குக் காரணம் ஓலையின் உறுதி அல்ல, மீண்டும் மீண்டும் எழுதிய கைகளே. எழுதும் வழக்கம் எங்கே நின்றதோ அங்கே நூலும் நின்றது.

சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை இந்த அபாயத்தை நேரில் கண்டவர். ஏட்டின் கட்டை அவிழ்க்கும்போதே ஓலைகள் உடைந்து உதிரும் நிலையைத் தம் பதிப்புரையில் வருந்தி எழுதியிருக்கிறார். 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என்று அவர் அச்சிட்டார். அதே 1887இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். இவர்கள் ஒரு ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு அச்சிட்டவர்களல்லர். பல ஊர்களிலிருந்து பல படிகளைத் திரட்டினார்கள். ஓர் ஏட்டில் சிதைந்த அடி இன்னோர் ஏட்டில் முழுமையாக இருந்தது. வெவ்வேறு வீடுகளில் வெவ்வேறு கைகளில் இருந்த படிகள் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பின. இன்று நாம் சங்க இலக்கியம் என்று பெருமை பேசுவது அப்படிப் பிழைத்த ஒன்றைத்தான்.

கொம்பனித்தெருவின் மலாயருக்கும் இதே கதைதான். அவர்களுடைய கையெழுத்துச் சுவடிகள் நூலகங்களில் இருக்கவில்லை. பாட்டனார் பெட்டியிலும் அலுமாரியின் மேல்தட்டிலும் இருந்தன. வரலாற்றாசிரியர் பி. ஏ. ஹுசைன்மியா எழுபதுகளிலிருந்து வீடு வீடாகச் சென்று அவற்றைத் தேடி, நுண்படச் சுருள்களில் பதிவுசெய்யும் பணியில் ஈடுபட்டார். பிறகு ரொனிற் றிச்சி என்ற ஆய்வாளர், பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணக்காப்புத் திட்டத்தின் உதவியோடு இலங்கை மலாயரின் சுவடிகளை எண்ணிமப் படிகளாக்கினார். இத்திட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்றுண்டு. மூலச்சுவடியை யாரும் கொண்டுபோவதில்லை. அது நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்பது விதி. படம் மட்டுமே பயணம் செய்கிறது. முன்னொரு காலத்தில் ஏடுகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோனவர்களின் வழக்கத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம்.

நம்மவரும் சும்மா இருக்கவில்லை. 1998 பொங்கலன்று சுவிற்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றியது. 2005இல் இலங்கை இளைஞர் சிலர் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், கோயில் மலர்கள், கல்வெட்டு எனப்படும் நினைவுமலர்கள் வரை வருடிப் பக்கம் பக்கமாக இணையத்தில் வைத்தது. நான் தொழில் பழகிய காலத்து இதழ்கள் சிலவற்றை என் வீட்டில் இழந்து, அங்கேதான் மீண்டும் கண்டேன். யாழ்ப்பாணத்தில் எரிந்தவற்றுக்கு ஈடு செய்ய முடியாது. ஆனால் இன்னொரு முறை ஒரே தீக்குச்சியால் எல்லாவற்றையும் அழிக்க முடியாத நிலையை இந்த இளைஞர்கள் உண்டாக்கினார்கள்.

இனிக் கைத்தொலைபேசிக்கு வருவோம். படச்சுருள் காலத்தில் நம்மையறியாமலே ஒரு பாதுகாப்பு இருந்தது. படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அதனோடு நெகற்றிவ்வும் வந்தது. அச்சுப்படம் தொலைந்தாலும் நெகற்றிவ் இருந்தது. மாமிக்கும் ஒன்று அடித்துக் கொடுக்கலாம். எண்ணிமக் கமரா வந்ததும் அந்த இரண்டாவது பொருள் மறைந்தது. படம் பிடிப்பது எளிதாயிற்று, செலவில்லாததாயிற்று, ஒற்றையாயிற்று.

2000களின் தொடக்கத்தில் கைத்தொலைபேசியிலிருந்து ஒரு படத்தைக் கணினிக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு கம்பி. நொக்கியாவுக்கென ஒரு தனி மென்பொருளைக் கணினியில் நிறுவ வேண்டும். அகச்சிவப்புக் கதிர் வழியாக அனுப்பும்போது இரண்டு கருவிகளையும் எதிரெதிரே அசையாமல் வைத்திருக்க வேண்டும். பிறகு புளூடூத் வந்தது. இவ்வளவு சிரமம் இருந்தும் அன்று மாற்றினோம். தொலைபேசியின் நினைவகம் சிறிதாக இருந்ததால் மாற்றாமல் இருக்க வழியில்லை. இன்று ஒரே தொலைபேசியில் பல்லாயிரம் படங்கள் கிடக்கின்றன. இடம் நிறையவே இருப்பதால் யாரும் மாற்றுவதில்லை. வசதி பெருகியபோது வழக்கம் குன்றியது.

"எல்லாம் மேகத்தில் இருக்கிறது, பயமில்லை" என்று சொல்வோர் உண்டு. மேகச் சேமிப்பு நல்லதுதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது பிறர் வீட்டு அலுமாரி. கூகிள் நிறுவனம் 2015இல் படங்களை வரம்பின்றி இலவசமாக வைத்துக்கொள்ள இடம் தந்தது. 2021 ஜூன் முதலாந்திகதியோடு அந்தச் சலுகை நின்றது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியை 2023இல் அதே நிறுவனம் கொண்டுவந்தது. இதன் பொருளைச் சிந்தியுங்கள். தந்தையார் காலமாகிறார். அவருடைய கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. துக்கத்தில் இரண்டு ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அவர் எடுத்த படங்களும் அவரோடு போய்விடக்கூடும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. தொலைபேசியும் மேகமும் ஒத்திசைந்து இயங்கும்போது இரண்டு இடங்களிலும் படம் தெரியும். அதனால் இரண்டு படிகள் இருப்பதாக எண்ணுகிறோம். ஒத்திசைவு நடக்கையில் தொலைபேசியில் அழித்தால் மேகத்திலும் அது குப்பைத்தொட்டிக்குப் போகும். குறித்த நாட்கள் கழிந்ததும் முற்றாக மறையும். பேரன் விளையாட்டாக அழித்ததும் அப்படியே பின்தொடரும். ஒன்றில் நேரும் தவறு மற்றொன்றைத் தொடாமல் இருந்தால்தான் அதை இரண்டாவது படி எனலாம்.

நமது நாட்டுக்கேயுரிய சங்கடங்களும் உள்ளன. 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் ஆகிய மூன்று நெருக்கடிகளின்போதும் இலங்கையில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2022இல் ஒரு நாளில் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. இணையத்தின் மறுமுனையில் மட்டும் நம் நினைவுகளை வைத்திருப்போர் இவற்றை மறந்துவிடக் கூடாது.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? என்னைப் போன்ற கைநாட்டுத் தொழில்நுட்பக்காரர்களுக்காக, நான் பட்டுத் தெளிந்ததைச் சொல்கிறேன்.

அன்ட்ரொயிட் தொலைபேசியைக் கம்பியால் கணினியுடன் இணைத்ததும் அது பெரும்பாலும் மின்னூட்டம் மட்டுமே பெறும். கணினித் திரையில் கோப்புறை வெறுமையாகத் தெரியும். பலர் இந்த இடத்திலேயே மனம் தளர்ந்துவிடுகிறார்கள். தொலைபேசியின் பூட்டைத் திறந்து, மேலிருந்து கீழே விரலால் இழுத்தால் வரும் அறிவிப்பில் கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். அதன் பின்னரும் ஒன்றும் தெரியாவிட்டால் கம்பியை ஐயுறுங்கள். மின்னூட்டத்துக்கு மட்டுமே உதவும் மலிவான கம்பிகள் கடைகளில் நிறைய உண்டு. கமராவில் எடுத்த படங்கள் டிசிஐஎம் என்ற கோப்புறையில் இருக்கும். எண்ணிமக் கமராக்களுக்காக 1998இல் வகுத்த நியமம் தந்த பெயர் அது. வட்ஸ்அப் வழியாக வந்த படங்களும் குரல்பதிவுகளும் அங்கே இரா. புதிய தொலைபேசிகளில் அன்ட்ரொயிட் என்ற கோப்புறைக்குள், மீடியா என்பதற்குள், வட்ஸ்அப்பின் பெயரோடு அவை தனியே இருக்கும். இறந்தவர்களின் குரல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

ஐபோன் வைத்திருப்போர் இணைத்தவுடன் திரையில் வரும் நம்பிக்கைக் கேள்விக்கு ஆம் என்று விடையளிக்க வேண்டும். இடத்தை மிச்சப்படுத்தும் தெரிவை முன்பே இயக்கியிருந்தால் முழு அளவுப் படங்கள் ஆப்பிளின் மேகத்தில் இருக்கும். கைபேசியில் சிறிய வடிவங்களே இருக்கும். அவ்வாறாயின் கணக்குக்குள் நுழைந்து மூலப்படங்களை இறக்கிக்கொள்ள வேண்டும்.

எதையும் 'வெட்டி ஒட்ட' வேண்டாம், 'படி எடுத்து ஒட்டுங்கள்'. இடையில் கம்பி கழன்றால் வெட்டியது இரண்டு இடங்களிலும் இல்லாமற்போகலாம். ஒட்டிய பிறகு இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். நாலைந்து படங்களையும் ஓர் ஒளிப்பதிவையும் திறந்து பாருங்கள். கோப்புறைக்கு ஆண்டு, மாதம், இடம் என்ற ஒழுங்கில் பெயர் வையுங்கள். படத்தில் இருப்போரின் பெயர்களை ஒரு சிறு குறிப்புக் கோப்பில் எழுதி அதனுடனேயே வையுங்கள். பெயர் தெரியாத முகம் இரண்டாம் தலைமுறையில் அந்நியமாகிவிடும்.

கணினியில் போட்டதோடு வேலை முடியவில்லை. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீற்றர் குறோக் 2005இல் சொன்ன எளிய கணக்கு ஒன்று உலகெங்கும் வழங்குகிறது. மூன்று படிகள், இரண்டு வகையான சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில். கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, வெளிநாட்டிலுள்ள உறவினரிடமோ மேகத்திலோ ஒன்று. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக நூலகத்தார் 1999இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் பெயரே 'படிகள் பல இருந்தால் பொருள் பிழைக்கும்' என்ற கருத்தைத் தாங்கியது. பருத்தித்துறை மாமியும் சிறுப்பிட்டிப் பதிப்பாசிரியரும் அறிந்திருந்ததையே அவர்கள் கணினிக்கு ஏற்றார்கள்.

படி எடுத்தவற்றைச் சில ஆண்டுகளுக்கொருமுறை புதிய சாதனத்துக்கு மாற்றவும் வேண்டும். 2003இல் நான் இறுவட்டுகளில் பதிந்து வைத்தவற்றுள் பாதியைக் கொழும்பின் ஈரக்காற்று தின்றுவிட்டது. நெகிழ்வட்டுகளைப் படிக்க வீட்டில் கருவியே இல்லை. பிழைத்த கட்டுரைகள் சிலவும் பாமினி எழுத்துருவில் இருந்தன. திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரிந்தன. சுரதாவின் எழுத்துரு மாற்றி கைகொடுத்திராவிட்டால் என் எழுத்தை நானே வாசித்திருக்க முடியாது. பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதிய அதே வேலை இது. ஓலைக்குப் பதிலாக வன்தட்டு.

படம் ஒன்றுதானே, அதற்கு இத்தனை ஆரவாரமா என்று யாரேனும் கேட்கலாம். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்தைச் செய்தியாளனாகப் பார்த்தவன் நான். ஒவ்வொரு தாயின் கையிலும் ஒரு படம். அடையாள அட்டைப் படம், பள்ளிக்கூடக் குழுப்படத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்த முகம், ஓரம் கருகிய படம். இடப்பெயர்வுகளின் ஊடே சுமந்து வந்தவை. அந்தப் பிள்ளை இருந்தான் என்பதற்கு அரசாங்கத்தின் முன் நீட்ட அவர்களிடம் இருந்தது அதுதான். படமே மிஞ்சாத தாய்மாரும் அங்கே இருந்தனர். அவர்களின் கைகளில் பெயர் எழுதிய தாள் மட்டுமே இருந்தது.

கொம்பனித்தெருவுக்கே திரும்புகிறேன். 2010 மே மாதத்தில் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. பின்னர் நகர அபிவிருத்தியின் பெயரால் மேலும் பல குடும்பங்கள் வெளியேறின. இன்று வானளாவும் கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. எங்கள் ஒழுங்கை எந்தக் கட்டடத்தின் அடியில் இருக்கிறதென்று என்னால் சரியாகச் சுட்டிக்காட்ட முடியவில்லை. ஓர் இடம் தரையிலிருந்து போன பின்னர் அது படத்தில்தான் வாழ முடியும். அந்தப் படத்தைத்தான் நான் மழையில் நனைய விட்டேன்.

அந்தப் பெண்மணியின் அழைப்புக்குப் பிறகு ரொறன்ரோவில் வாழும் என் தம்பிக்கு எழுதினேன். 2012இல் படம் எடுத்த அன்றிரவே, பழைய ஞாபகத்துக்காகச் சிலவற்றை வட்ஸ்அப்பில் அவனுக்கு அனுப்பியிருந்தேன். அவன் தொலைபேசி மாற்றும் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் கணினிக்கு இறக்கி வைப்பவன். மறுநாள் காலையில் பதினொரு படங்கள் வந்தன. இருநூறில் பதினொன்று. வட்ஸ்அப் சுருக்கியதால் அவை சிறியன. எடுத்த திகதியும் நேரமும் கோப்பில் இல்லை. மூலையிலிருந்த சைவக்கடையின் பெயர்ப்பலகையை எவ்வளவு பெருப்பித்தாலும் வாசிக்க முடியவில்லை. ஆனால் ஏழாவது படத்தில் அந்தக் கதவு இருந்தது. பாதி திறந்தபடி. மேலே நீலமும் பச்சையும் இரண்டு மங்கலான புள்ளிகளாகத் தெரிந்தன.

அதைத் தாளில் அச்சிட்டு, கோப்பையும் ஒரு பென்டிரைவில் போட்டு, அவர்களுடைய அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டுபோனேன். நீண்ட நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணா, இதில வாப்பாட செருப்பும் இருக்கு" என்றார். நான் அதைக் கவனித்திருக்கவில்லை. வாசற்படியில் ஒரு சோடிச் செருப்பு இருந்தது.

தம்பியிடம் ஒன்று, என்னிடம் ஒன்று, அவரிடம் ஒன்று என அந்தக் கதவுக்கு இப்போது மூன்று படிகள் இருக்கின்றன. மற்ற நூற்றுத்தொண்ணூறு படங்களை மீட்க வழியில்லை. வாசக நண்பர்களே, உங்கள் தொலைபேசியில் இப்போது இருப்பவை எத்தனை? இந்தக் கட்டுரையை மூடிவிட்டு, மேசை இலாச்சியில் கிடக்கும் அந்தக் கம்பியை எடுங்கள்.